கெட்டித் தீனி

ஓய்வு பெற்றவளை யாரும் நலம் விசாரிப்பதற்காகக் கூப்பிடுவதில்லை. அலுவலகத்தில் ஏதாவது காணாமல் போயிருக்கும், அது எங்கே இருக்கிறது என்று கேட்கத்தான் கூப்பிடுவார்கள். போன மாதம் ஷாலினி கூப்பிட்டபோதும் அப்படித்தான் நினைத்தேன். ஜுருவில் நான் வேலை பார்த்த கோழித் தீனி ஆலையில், தீனியில் எதை எவ்வளவு சேர்ப்பது என்று கலவை எழுதும் நாற்காலியில் இப்போது அவள்தான் இருக்கிறாள்.

"ஆன்ட்டி, பசியாறிட்டீங்களா? ஒன்னு கேக்கணும். புது என்சைம் வந்திருக்கு. இத போட்டா தீனியில டி.சி.பி. தூள முழுசா எடுத்துடலாமாம். மேலிடத்துல ஓகே சொல்லிட்டாங்க."

"சூடு தாங்குமா?"

"தாங்கும்னு எழுதிக் குடுத்திருக்காங்க."

"எழுதிக் குடுத்தவன் நம்ம மில்லுல வந்து நின்னு பாத்தானா?"

"இல்ல ஆன்ட்டி. அதான் ஒங்களக் கேக்குறேன். சூடுன்னு சொன்னாலே நீங்க சண்டைக்கு வருவீங்களே, அது ஏன்னு இங்க யாருக்குமே தெரியல. எழுதித் தாங்களேன்லா. புதுப் பிள்ளைங்களும் படிக்கட்டும்."

எனக்கு அறிவுரை எழுத வராது. பிரிவுபசார விருந்தில் நாலு வார்த்தை பேசச் சொன்னதற்கே கேக்கைச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவள் நான். ஆனால் இந்த வருடம், ஆலையில் எனக்கு மேலே இருந்த சிவநேசன் சார் காலமாகிவிட்டார். கோழிப் பண்ணை நடத்திய பூங்காவனம் அக்கா அவருக்கு முன்பே போய்விட்டார். என் சண்டைக்குக் காரணமான சம்பவத்தை உள்ளிருந்து பார்த்தவர்களில் மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். நானும் சொல்லாமல் போனால் அது எங்கள் மூன்று பேரோடு முடிந்துவிடும்.

நான் ஜார்ஜ் டவுன்காரி. லிட்டில் இந்தியாவில் துணிக்கடைகளுக்குப் பின்னால் இருக்கும் சந்தில்தான் வளர்ந்தேன், இன்னும் அங்கேயே இருக்கிறேன். பள்ளி முடித்ததும் தீனி ஆலையின் சோதனைக்கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. காலையில் ஃபெரி பிடித்து அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த், அங்கிருந்து தொழிற்சாலை பஸ்ஸில் ஜுரு. தீனியை உலர்த்துவது, எரிப்பது, எடை போடுவது என்று முதல் சில வருடங்கள் போயின. மீன் தூள் வாசனை உடம்பில் ஊறிவிட்டதால் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே வரும். மாதா கோயில் பாடகர் குழுவில்கூட என்னை ஜன்னலோரம் நிறுத்தினார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை, காற்று நன்றாக வரும்.

சிவநேசன் சார் அந்த ஆலையின் தீனி நிபுணர். காலையில் வந்ததும் அலுவலகத்துக்குள் போக மாட்டார். நேராக ஆலைக்குள் போய், ஆறிக்கொண்டிருக்கும் பெல்லட் என்ற தீனிக் கட்டிகளில் ஒரு கை அள்ளி உள்ளங்கையில் உருட்டுவார். நகத்தால் ஒன்றைக் கிள்ளிப் பார்ப்பார். முகர்வார். அதற்குப் பிறகுதான் பிளாஸ்டிக் பையில் கட்டி வந்த கோப்பி ஓ என்ற கடுங்காப்பியை உறிஞ்சிக்கொண்டே மேசைக்கு வருவார். கூட்டுகிறவர் முதல் முதலாளி வரை எல்லாரையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார்.

அவர் முன்னால் 'சுமாரா' என்ற சொல்லை உச்சரிக்கக் கூடாது. 'இருக்கும்னு நெனக்கிறேன்' என்றும் சொல்லக் கூடாது. "இந்தப் பண்ணையில கோழி தீனி எடுக்கலயாம் சார்" என்று போய் நின்றால், "பாத்தீங்களா?" என்பார். போனில் சொன்னார்கள் என்றால், "அப்ப பாக்கல," என்று சொல்லிவிட்டு கார் சாவியை எடுப்பார். பார்க்காததைச் சொல்ல மாட்டார், பார்த்ததை மறைக்கவும் மாட்டார். இன்னொரு விஷயம், கோபம் வந்தால் அவருக்குக் குரல் உயராது. தமிழ் சுத்தமாகிவிடும். மலாய், இங்கிலீஷ் எல்லாம் உதிர்ந்து போய் 'மிஸ்டேக்' பிழையாகும், 'ரிப்போர்ட்' அறிக்கையாகும். அவர் வாயில் 'அறிக்கை' என்று ஒரு சொல் வந்தாலே சோதனைக்கூடத்தில் நாங்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிடுவோம்.

என்சைமை எங்கள் ஆலைக்குக் கொண்டு வந்தவர் அவர்தான். ஒரு காலத்தில் சோளம் கிடைப்பது கஷ்டமாகி, கலவையில் கோதுமை சேர்த்தோம். கோதுமை கோழியின் குடலில் கூழ் மாதிரி பிசுபிசுக்கும். எச்சம் ஒட்டும், கொட்டகையில் போட்டிருக்கும் உமி நனையும், நனைந்த உமியிலேயே நின்று கோழிக்குப் பாதம் புண்ணாகும். பண்ணைக்காரர்கள் போனில் கத்தினார்கள். சார் ஒரு நாள் இரண்டு மைலோ குவளைகளில் கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து என் மேசையில் வைத்தார். ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை என்சைம் தூள். கொஞ்ச நேரம் கழித்துக் கரண்டியால் கிளறச் சொன்னார். ஒன்று கூழாகவே கிடந்தது, மற்றது தண்ணீராக இளகியிருந்தது. அந்த மாதமே தீனியில் அதைச் சேர்த்தோம், உமி காய்ந்தது. மந்திரம் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. அன்றிலிருந்து ஆலையில் எல்லாருக்கும் என்சைம் மேல் பெரிய நம்பிக்கை.

அடுத்து வந்தது எலும்புக்கான என்சைம். ஷாலினிக்கு இது பாலபாடம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோழிக்கு எலும்பு பிடிக்கப் பாஸ்பரஸ் வேண்டும். சோளத்திலும் சோயாவிலும் அது நிறைய இருக்கிறது, ஆனால் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறக்கும் சாவி கோழியின் குடலில் போதிய அளவு இல்லை. அதனால் டி.சி.பி. என்ற வெள்ளைத் தூளாகப் பாஸ்பரஸைத் தனியே சேர்த்து வந்தோம். புது என்சைம் அந்தப் பூட்டைத் திறக்கும். திறந்தால் டி.சி.பி.யைக் குறைக்கலாம், குறைத்தால் எச்சத்தில் போய் ஆற்றில் கலக்கிற பாஸ்பரஸும் குறையும். சார் பார்த்துப் பார்த்துத்தான் குறைத்தார். ஒவ்வொரு தடவையும் கோழிக் காலை எரித்துச் சாம்பலை எடை போட்டோம். எல்லாம் நன்றாகவே நடந்தது.

என்சைமுக்கு ஒரு பலவீனம் உண்டு. சூடு பட்டால் செத்துவிடும். மாவாக இருக்கும் தீனியை நீராவியில் வேகவைத்து அச்சில் அழுத்தினால்தான் பெல்லட் வரும். அந்த நீராவிச் சூடு ஓர் எல்லைக்குள் இருக்கிற வரை எங்கள் என்சைம் பிழைக்கும். எல்லையைத் தாண்டினால் பெல்லட்டில் அதன் பெயர் இருக்கும், வேலை இருக்காது.

அந்தச் சமயத்தில் பண்ணைகளிலிருந்து ஒரே புகார். தீனியில் தூள் அதிகம், குஞ்சுகள் தூளை ஒதுக்கிவிட்டுக் கட்டியை மட்டும் பொறுக்குகின்றன என்று. நியாயமான புகார்தான். உற்பத்திப் பிரிவு நீராவியைக் கூட்டியது. மாவு நன்றாக வெந்தால் பெல்லட் கெட்டியாகும், தூள் விழாது, கிருமியும் சாகும். உற்பத்திப் பிரிவின் கணக்கில் அது நல்ல வேலை. கலவை எழுதும் அறையில் டி.சி.பி.யைக் குறைத்ததும் நல்ல வேலை. இரண்டு அறைக்கும் நடுவே ஒரு படிக்கட்டுதான். சூட்டைக் கூட்டியதை யாரும் அந்தப் படிக்கட்டில் ஏறி வந்து சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் பெல்லட் அருமையாக வந்தது.

சாரும் அந்தப் பெல்லட்டை உள்ளங்கையில் உருட்டினார். கிள்ளினார், உடையவில்லை. "நல்லாருக்கே," என்றார். உயிரோடு இருக்கிற என்சைமுக்கும் செத்த என்சைமுக்கும் வாசனையில் வித்தியாசம் கிடையாது.

பூங்காவனம் அக்காவின் பண்ணை சிம்பாங் அம்பாட்டுக்கு உள்ளே இருந்தது. புருஷன் இருந்தபோது இரண்டு பேருமாக நடத்தினார்கள், அவர் போன பிறகு அக்கா தனியாக நடத்தினார். எங்கள் ஆலைதான் குஞ்சு கொடுக்கும், தீனி கொடுக்கும், வளர்ந்த கோழியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். வளர்ப்பு மட்டும் அவருடையது. குள்ளமான உருவம், பெரிய குரல். கொட்டகைக்குள் நுழையும்போது கதவைத் தட்டிவிட்டுத்தான் நுழைவார். திடீரென்று போனால் குஞ்சு பயந்து மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கும் என்பார். தூள் புகார் சொன்னவர்களில் அவரும் ஒருவர். பெல்லட் மாறியதும் சோதனைக்கூடத்துக்கே போன் போட்டு நன்றி சொன்னவர் அவர் மட்டும்தான்.

"இப்பதான் தங்கச்சி தீனி தீனியா இருக்கு! கல்லு மாதிரி! மில்லுல எல்லாருக்கும் சொல்லிடு."

சொன்னேன். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.

அந்தத் தீனியை முதல் நாளிலிருந்தே தின்றது அவருடைய குஞ்சுகள்தான். மற்றப் பண்ணைகளில் குஞ்சுகள் அதற்குள் வளர்ந்திருந்தன. மூன்றாவது வாரம் அக்காவிடமிருந்து மறுபடியும் போன் வந்தது. குஞ்சுகள் எழுந்து நிற்கவில்லை என்றார். எங்கள் ஆலையின் பண்ணை அதிகாரி போய்ப் பார்த்தபோது, தீனி மாதிரி எடுப்பதற்காக நானும் கூடப் போனேன்.

அப்படி ஒரு அமைதியை நான் கோழிக் கொட்டகையில் பார்த்ததில்லை. நல்ல கோழி காலடிச் சத்தம் கேட்டால் ஓடும். இவை ஓடவில்லை. கணுக்காலை மடித்து உட்கார்ந்தபடி எங்களையே பார்த்தன. சில இறக்கையை ஊன்றி நகரப் பார்த்தன. அக்கா நடக்க முடியாதவற்றைத் தனியாக ஒரு தடுப்புக்குள் வைத்து, உமியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு குஞ்சு. சின்னக் கிண்ணத்தில் தண்ணீர், முந்தானையில் தீனி. ஒவ்வொன்றாக எடுத்து மூக்கருகே தீனியைக் காட்டி, தின்றதும் தண்ணீரைத் தொட்டு வைத்து, பக்கத்தில் இறக்கிவிட்டு அடுத்ததை எடுத்தார். பங்களாதேஷ்காரப் பையன் ஒருவர் அவருக்கு வேலைக்கு இருந்தார், அவரைக்கூட இதைச் செய்ய விடவில்லை.

நான் ஒன்றைத் தூக்கினேன். கால் என் விரலில் பட்டதுமே அது கத்தியது. கோழி பயத்தில் கத்துவது எனக்குத் தெரியும். இது வேறு.

"மொத வாரத்துல குஞ்சுக்குக் குளிர் பட்டுச்சா?" என்று பண்ணை அதிகாரி கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்குத் தெரிந்த காரணங்களில் அது முதலாவது.

அக்கா கையிலிருந்த குஞ்சைக் கீழே வைத்தார்.

"பட்டுச்சு சார். எங்க வூட்டுக்காரருக்குத் திதி. கோயிலுக்குப் போயிட்டேன். வந்து பாத்தா கேஸ் தீந்து, குஞ்சுக்குச் சூடு வைக்கிற அடுப்பு அணைஞ்சி கெடக்கு. குஞ்செல்லாம் ஒன்னா ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. நான் செஞ்ச தப்பு சார். நான்தான் கேஸ பாக்காம போனேன்."

அதிகாரி அதை அப்படியே பதிவு செய்துகொண்டார். பண்ணையில் விசாரணை அதோடு முடிந்தது. குற்றவாளி தானே ஒப்புக்கொண்டால் வேறு யாரைத் தேடுவார்கள்?

செத்த குஞ்சுகள் இரண்டை வாங்கிக்கொண்டு ஆலைக்கு வந்தேன். சாரிடம் குளிர் என்று சொன்னேன். "குளிர் எலும்ப என்ன செய்யும்?" என்றார். கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு குஞ்சின் தொடைக்குக் கீழ் இருக்கும் எலும்பைச் சதை நீக்கி எடுத்தார். நல்ல குஞ்சின் எலும்பு இரண்டு கையிலும் பிடித்து வளைத்தால் 'டக்'கென்று ஒடியும். அந்தச் சத்தத்துக்காகத்தான் வளைப்போம். சார் வளைத்தார். சத்தம் வரவில்லை. எலும்பு ரப்பர் மாதிரி வளைந்து நின்றது. கையை விட்டதும் மெல்லத் திரும்பியது. இரண்டாவது குஞ்சை எடுத்தார், அதுவும் அப்படியே. அலகை விரலால் அழுத்தினார், அலகும் வளைந்தது.

"நீங்க பண்ணுங்க ரெஜினா," என்று என்னிடம் நீட்டினார். நான் வளைத்தபோதும் சத்தம் வரவில்லை.

எலும்பை உலர்த்தி, கொழுப்பு நீக்கி, உலையில் எரித்தேன். வெள்ளைச் சாம்பல் நல்ல எலும்பில் இருக்க வேண்டியதைவிட மிகவும் குறைவு. பிறகு அந்தத் தீனியைச் சோதித்தேன். பாஸ்பரஸ் கலவையில் எழுதியபடியே இருந்தது. மறுபடி செய்தேன், மறுபடியும் சரியாகவே வந்தது. எங்கள் சோதனை பாஸ்பரஸ் மொத்தம் எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும். பூட்டிய பாஸ்பரஸும் திறந்த பாஸ்பரஸும் அதற்கு ஒன்றுதான். கோழிக்கு ஒன்றல்ல. சார் என் முடிவை இரண்டு தடவை படித்தார். அப்புறம் என்னுடைய டீ பிளாஸ்க்கைக் கேட்டு வாங்கி, டீயைத் தொட்டியில் ஊற்றிவிட்டு ஆலைக்குள் இறங்கினார்.

நீராவி ஏறி வெளியே வரும் மாவைச் சூடு குறையாமல் பிளாஸ்க்கில் பிடித்து மூடி, மூடித் துளை வழியே தெர்மாமீட்டரைச் செருகினார். காத்திருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அளவைப் படித்தார். கொட்டிவிட்டு இன்னொரு தடவை பிடித்தார். இயந்திரத்தில் நின்ற ஹாஷிம் அண்ணன் மலாயில் சொன்னார், சூட்டைக் கூட்டி ரொம்ப நாளாகிறது பாஸ், பண்ணைக்காரர்கள்தானே பெல்லட் கெட்டியாக வேண்டும் என்று கேட்டார்கள் என்று. சார் தலையாட்டினார். என் பிளாஸ்க்கை அவரே கழுவிக் கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

அன்றே டி.சி.பி.யைத் திரும்பச் சேர்த்தோம், சூட்டையும் இறக்கினார்கள். அடுத்தடுத்த நாட்களில் வேறு இரண்டு பண்ணைகளிலும் குஞ்சுகள் நொண்டுவதாகச் செய்தி வந்தது. அங்கே குஞ்சு இறக்கியது பிந்தித்தான், அதனால் திருத்திய தீனியில் தேறிவிட்டன. அக்காவின் குஞ்சுகள் தேறும் கட்டத்தைத் தாண்டியிருந்தன. ஆட்கள் போய் மிச்சம் இருந்தவற்றை முடித்துவிட்டு வந்தார்கள்.

பெரியவர் கூட்டம் போட்டார். ஆலையின் நிர்வாகியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். சோதனை முடிவைச் சொல்ல என்னையும் உட்கார வைத்திருந்தார்கள்.

"சரி, கண்டுபிடிச்சாச்சு, சரி பண்ணியாச்சு. அந்தம்மாவுக்குப் புதுக் குஞ்சு அனுப்புவோம், நல்லெண்ணமா. ஆனா தீனின்னு யாரும் வாயத் தொறக்க வேணாம். ஒருத்தருக்குச் சொன்னா எல்லாப் பண்ணையும் வந்து நிக்கும்."

"அவுங்க தன்னாலதான்னு நெனச்சிட்டு இருக்காங்க," என்றார் சார்.

"நாம சொல்லலயே சிவா. அவுங்களே தானே சொன்னாங்க?"

"பிழை நம்முடையது," என்றார் சார். "பழியை அந்தப் பெண்மணி சுமக்கிறார். இதற்கு நல்லெண்ணம் என்று பெயர் வைக்காதீர்கள்."

பெரியவர் அடுத்த விஷயத்துக்குப் போனார். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் சார் என்னிடம் கேட்டார். "நாளைக்கு சிம்பாங் அம்பாட் போறேன். நீங்களும் வர்றீங்களா? அவுங்களுக்கு ஒங்களத் தெரியும். ஒங்களுக்கு வேலையில பிரச்சினை வரலாம், யோசிச்சுச் சொல்லுங்க." யோசிக்க என்ன இருக்கிறது? போனேன்.

கொட்டகை காலியாக இருந்தது. உமியை வாரித் தரையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அக்கா எங்களை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார். இளைத்திருந்தார். அந்தப் பெரிய குரல் இல்லை. நாங்கள் பேச ஆரம்பிப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"ஒங்களுக்கெல்லாம் நஷ்டம் பண்ணிட்டேன் சார். அவரு இருந்த வரைக்கும் ஒரு தடவகூட கேஸ் தீந்தது கெடயாது. அவரு திதிக்குப் போயே இப்பிடி ஆயிடுச்சு."

"அம்மா, கேளுங்க," என்றார் சார். "ஒங்க குஞ்சு குளிர்ல கெடல. கொஞ்ச நேரக் குளிர் எலும்ப இப்பிடி ஆக்காது. எங்க தீனியில கெட்டுச்சு. எலும்புக்கு வேண்டிய சத்து அதுல இருந்துச்சு, ஆனா ஒடம்புல சேரல. சேர்க்கிற மருந்து மில்லுச் சூட்டுல செத்துப் போச்சு. அத நாங்க கவனிக்கல. நீங்க ஒரு தப்பும் பண்ணல. அத ஒங்க முகத்தப் பாத்துச் சொல்லணும்னுதான் வந்தேன்."

அக்கா முகத்தில் ஒரு நிம்மதி வரும் என்று நான் காத்திருந்தேன். அதற்காகத்தானே வந்தோம். அவர் சாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார்.

"தீனியா?"

"ஆமாம்மா."

"கையில ஊட்டுனேனே சார்." குரல் மெல்ல வந்தது. "நடக்க முடியலன்னு ஒவ்வொன்னா எடுத்து ஊட்டுனேன். கடைசியில வேணாம்னு மூஞ்சியத் திருப்புச்சுங்க. விடல நான். வாயத் தொறந்து வச்சு ஊட்டுனேன்."

சார் எழுந்து அவர் நாற்காலிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "ஊட்டலன்னா பசியில போயிருக்கும்மா. நீங்க செஞ்சது சரி." அது உண்மைதான். அக்காவுக்கு அது எட்டவே இல்லை. நாங்கள் ஒரு பாரத்தை இறக்க வந்து, அதைவிடப் பெரியதை ஏற்றிவிட்டோம். கேஸ் தீர்ந்தது ஒரு காலைப்பொழுதின் மறதி. ஊட்டியது நாள் முழுதும், தினம் தினம், பாசத்தோடு செய்தது.

அக்கா குனிந்து அவரிடம் கேட்டார். "வலிச்சிருக்குமா சார்?"

அந்த எலும்புகளை வளைத்துப் பார்த்தவர் சார். உள்ளே நுண்ணிய முறிவுகள் இருந்ததை லென்ஸ் வைத்து எனக்குக் காட்டியவரும் அவர்தான். அத்தனை வருடமும் பார்த்ததற்கு மாறாக ஒரு சொல் சொல்லாத மனிதர், அக்காவின் கண்ணைப் பார்த்தார்.

"இல்லம்மா. எலும்பு மெத்துன்னு ஆயிடும். வலி தெரியாது."

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ தூக்கிப் பாத்தியே தங்கச்சி. நீ சொல்லு."

என் விரல் பட்டதும் அது கத்தியது என் காதில் கேட்டது. இதை எழுதும்போதும் கேட்கிறது.

"இல்லக்கா," என்றேன். "சும்மா பயத்துல கத்துச்சு. வலியெல்லாம் இல்ல."

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். நானும் அழுதேன். சார் வாசலுக்குப் போய் அந்தக் காலிக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் போய்ச் சொன்னது ஆலைக்குத் தெரிந்துவிட்டது. யாரும் கேள்வி கேட்கவில்லை, யாரும் வெளியே அனுப்பவும் இல்லை. அவரைக் கூப்பிடாமலே கூட்டம் நடத்தப் பழகிக்கொண்டார்கள். சார் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. பெல்லட் சூட்டை மட்டும் தினமும் என் பிளாஸ்க்கில் பிடித்துப் பார்த்தார். அதற்குப் பிறகு நான் டீக்கு வேறு பிளாஸ்க் வாங்கிக்கொண்டேன். அவர் ஓய்வு பெற்றதும் அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஷாலினி, நான் சண்டைக்கு வந்தது இதற்காகத்தான். காகிதத்தில் தாங்கும் சூடு வேறு, நம் ஆலையில் தாங்கும் சூடு வேறு. பிடித்துப் பாருங்கள். பெல்லட்டை வெளியே அனுப்பிச் சோதித்து, என்சைம் உயிரோடு இருக்கிறதா என்று முடிவு கைக்கு வந்த பிறகு டி.சி.பி.யில் கை வையுங்கள். குஞ்சின் காலை எரித்துப் பாருங்கள்.

இன்னும் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பெரியவர் சொன்னபடி அக்காவுக்குப் புதுக் குஞ்சுகள் போயின. அன்று மாலையே லாரி பெட்டிகளோடு ஆலைக்குத் திரும்பி வந்தது. சார் ஓடிப்போய் டிரைவரிடம் விசாரித்தார், நானும் பின்னால் போனேன்.

"சண்ட போட்டாங்களா?"

"இல்ல சார். நல்லாத்தான் பேசுனாங்க. மைலோ கலந்து குடுத்தாங்க. பெட்டிய எறக்கவான்னு கேட்டேன். ஒன்ன மட்டும் தொறக்கச் சொன்னாங்க. ஒரு குஞ்ச எடுத்து ரொம்ப நேரம் காலத் தடவிப் பாத்தாங்க. அப்புறம் உள்ள வச்சிட்டு, 'நல்ல காலு தம்பி, வேற யாருகிட்டயாவது குடு'ன்னு சொல்லிட்டாங்க."